சிக்கனமும் கூரையும்

“வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்” என்பது பழமொழி. கல்யாணக் கடன் சில ஆண்டுகளில் தீரலாம். ஏழையின் வீடோ அவன் ஆயுளில் பாதியைக் கேட்கிறது.

திருகோணமலை அன்புவழிபுரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியர் இருக்கின்றனர். கணவர் மேசன், பிறர் வீடுகளுக்குக் கல் வைத்தே காலம் கழித்தவர். மனைவி தையல் வேலை செய்பவர். போர் முடிந்த மறு ஆண்டான 2010இல் சீட்டுப் பிடிக்கத் தொடங்கி, 2021இல் அத்திவாரம் இட்டு, 2024இல்தான் குடிபுகுந்தார்கள். குடிபூரலன்று, “சொந்த வீடு என்பது உழைப்பாளியை உடைமை ஆசையில் கட்டிப்போடும் விலங்கல்லவா?” என்று, படித்த செருக்கில் நான் கேட்டுவிட்டேன். அந்த அம்மையார் சினக்கவில்லை. “மாஸ்டர், வாடகை வீட்டில ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் கேட்டுத்தான் அடிக்கோணும்” என்றார்.

அந்த விடை என்னை மீண்டும் சிந்திக்க வைத்தது. 1872இல் குடியிருப்புப் பிரச்சினை பற்றி எழுதிய ஏங்கல்ஸ், சிறுவீட்டைச் சொந்தமாக்கிக் கொடுப்பதால் தொழிலாளி விடுதலை பெறான் என்றார். வீடு அவனை ஓரிடத்தில் கட்டிவிடும். கூலியைக் குறைத்தாலும் விட்டுப்போக முடியாது. இந்த எச்சரிக்கை இன்றும் பொய்யாகவில்லை. ஆனால் அவர் சாடியது வீட்டைப் பிணிதீர்க்கும் மருந்தாக விற்றவர்களை. தலைசாய்க்க இடம் தேடியவர்களை அல்ல. வாழ்வதற்கான வீடு வேறு, வாடகை ஈட்டுவதற்கான வீடு வேறு. இலங்கையில் பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராயிருந்தபோது 1973இல் வந்த வீட்டு உடைமை உச்சவரம்புச் சட்டம் இந்த வேறுபாட்டின் மீதே நின்றது. குடியிருக்கும் வீட்டை அது பறிக்கவில்லை; ஒருவரே பல வீடுகளைக் குவிப்பதற்கே எல்லை வகுத்தது.

ஆகவே அத்தம்பதியரின் ஆசையில் குற்றமில்லை. குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. குடிபூரலுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், “சிக்கனமாயிருந்தால் எவனும் வீடு கட்டலாம்” என்று மகிழ்ந்து சொன்னார். உண்மையா?

இவர்களை விடச் சிக்கனமானவர்களை நான் கண்டதில்லை. ஆயினும் 2022இல் என்ன நடந்தது? ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. முந்திய ஆண்டின் தொடக்கத்தில் ஆயிரம் ரூபாயளவில் விற்ற சீமெந்து மூட்டை மூவாயிரத்தை நெருங்கியது. சுவர் நிலைமட்டத்தில் நின்றுபோயிற்று. துளித்துளியாய்ச் சேர்த்த வெள்ளம் வற்றியது. அதில் அவர்கள் குடித்தது ஒரு மிடறும் இல்லை. அந்தக் கடனை வாங்கியவர்கள் அவர்களல்லர். ஆனால் தீர்த்தவர்களில் அவர்களும் உண்டு.

பக்கத்து வளவில் இன்னொரு குடும்பம் இருக்கிறது. அவர்களும் சீட்டுக் கட்டியவர்களே. பிள்ளையின் நோய் ஒன்று அத்தனையையும் கொண்டுபோயிற்று. இன்றும் தகரக் கூரைதான். அப்படியானால் அவர்கள் ஒழுக்கம் குறைந்தவர்களா?

சிக்கனம் நல்ல குணம். அதை நான் இகழவில்லை. ஆனால் கூரையை நற்குணத்துக்குக் கிடைக்கும் பரிசாக ஆக்கிவிட்டால், கூரையற்றவன் தன் குறையால் அப்படி ஆனான் என்றாகிவிடும். பிறகு அரசும் சமூகமும் கை கழுவிக்கொள்ளலாம். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 27ஆம் உறுப்புரையில், போதிய உணவு, உடை, வீடு ஆகியவற்றை அரசின் நோக்கமாகக் கூறுகிறது. 29ஆம் உறுப்புரையோ, இவற்றுக்காக எவரும் நீதிமன்றம் செல்ல முடியாது என்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறுகை வாங்கிக்கொள்கிறது.

ஆசிரியர்களே, மாணவர்களே! அத்தம்பதியரைப் போற்றுவோம். அவர்கள் பதினான்கு ஆண்டு பட்ட பாட்டைப் போற்றுவதோடு நின்றுவிட வேண்டாம். கல் வைக்கும் கைகளுக்கு ஒரு கூரை கிடைக்க ஏன் இத்தனை ஆண்டு ஆகவேண்டும் என்று கேட்போம். பக்கத்து வளவுக்காகவும் கேட்போம்.

நான் விடைபெற்றபோது, அந்த அம்மையார் புதுச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். யாரையும் கேட்கவில்லை.