நோயாளி யாரிடம் பேசுகிறார்?

கடுமையான நோயில் கிடப்பவருக்குக் கலை வலிமை தருமா என்று கேட்டால், நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. மனத்தில் உள்ளதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்பது ஒன்று. நோய் முன்வினைப் பயன், அனுபவித்தே தீரவேண்டும், இதற்கிடையில் எழுத்தென்ன பாட்டென்ன என்பது இன்னொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தெரிந்தாலும் இரண்டும் நோயாளியை அவர் உடலுக்குள்ளேயே உட்காரவைத்துவிடுகின்றன. படைப்பு தரும் வலிமை வேறிடத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன். நோய் துண்டித்துவிட்ட மற்ற மனிதர்களை அது நோயாளிக்குத் திருப்பித் தருகிறது. தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925 ஜூலை 23 அன்று மறைந்த விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளை இதற்குச் சான்றாக வைக்கலாம்.

1884-இல் வத்தலக்குண்டில் பிறந்த சிவா, 1908-இல் வ.உ.சிதம்பரனாரோடு கைதானார். பத்தாண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் ஆறாண்டாகக் குறைந்தது. 1912-இல் விடுதலையானபோது அவர் தொழுநோயாளி. சிறையில் கொடுத்த கம்பளி ரோம வேலைதான் நோயைக் கொடுத்தது என்று சொல்வது வழக்கம். தொழுநோய்க்குக் காரணம் 1873-இல் நார்வேயின் ஹான்சன் கண்டறிந்த கிருமி. அது மிக மெதுவாக வளரும், தொற்றிப் பல ஆண்டுகள் கழித்தே வெளியே தெரியும். ஆகவே எங்கே தொற்றியது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது; சிறை அந்த உடலை நொறுக்கியது என்பதில் மட்டும் ஐயமில்லை. அன்று கைவசமிருந்த மருந்து நீரடிமுத்து எண்ணெய். நோயை உண்மையில் அடக்கும் மருந்துகள் 1940-களில்தான் வந்தன. குணமாகும் நம்பிக்கை இல்லாத நிலையில்தான் அவர் 1913-இல் ‘ஞானபாநு’ இதழைத் தொடங்கினார். அடுத்து ‘பிரபஞ்சமித்திரன்’ வந்தது. ‘இராமானுஜ விஜயம்’, ‘நளினசுந்தரி’ நாவல், தேசிங்குராஜன் நாடகம் என்று எழுத்து பல திசைகளில் போனது. தன் நோயையே பொருளாக்கி அழுது எழுதிய மனிதர் என்று இந்தப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது.

தொழுநோய் கைகால்களின் நரம்பைத் தாக்கித் தொடு உணர்ச்சியைக் கொல்கிறது. சமூகம் தன் பங்குக்குத் தொடுவதையே நிறுத்திவிடுகிறது. நோயைக் காட்டி சிவா ரயிலில் ஏறக்கூடாது என்று ஆங்கில அரசு தடுத்தது; நடந்தும் மாட்டுவண்டியிலும் அவர் ஊர் ஊராகப் போனார். ஆனால் தடை உடலுக்குத்தான். தபால் பையில் போகும் எழுத்தை யாரும் ரயிலிலிருந்து இறக்கிவிடவில்லை. ஞானபாநுவில் வ.உ.சி. எழுதினார், புதுச்சேரியில் அடைக்கலமாயிருந்த பாரதியும் எழுதினார். சிறையும் நாடுகடந்த வாழ்வும் நோயும் பிரித்துவைத்த மூவர் அந்தப் பக்கங்களில் சேர்ந்திருந்தார்கள். 1915-இல் வடசொல் கலவாத தமிழில் எழுதுவோருக்கு ஐந்து ரூபாய் பரிசு என்று அந்த இதழ் அறிவித்தது. முகம் தெரியாதவர்கள் விலகிப்போகும் ஒரு மனிதர், முகம் தெரியாதவர்களை எழுதச்சொல்லி அழைக்கிறார். அவருடைய வலிமை எங்கிருந்து வந்தது என்று கேட்பவருக்கு நான் இந்த அறிவிப்பைத்தான் காட்டுவேன்.

அப்பர் என்னும் திருநாவுக்கரசர் தன் வலியையே பாடினாரே என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. சூலை நோயில் துடித்த திருநாவுக்கரசரின் கதையைச் சேக்கிழார் சொல்லும் வரிசையைக் கவனிக்க வேண்டும். அப்போது அவர் சேர்ந்திருந்த சமண மடத்தார் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்துக் கைவிட்ட பிறகு, அவர் முதலில் செய்தது தமக்கை திலகவதியாருக்கு ஆளனுப்பியது. பிறகு இரவோடிரவாக அவரிடம் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகே திருவதிகையில் பாட்டு பிறந்தது. அந்தப் பாட்டிலும் வலி தனியே புலம்பவில்லை. இறைவனை முன்னிலையில் நிறுத்தி முறையிடுகிறது. வலியைப் பாடலாம், பாடாமலும் இருக்கலாம். கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அந்தப் பாட்டைத் தாங்குகிறது.

யாருக்கும் காட்டாமல் எழுதினாலும் பயன் உண்டு என்று அறிவியல் சொல்கிறதே என்பது அடுத்த மறுப்பு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்கள் வாழ்வின் கசப்பான அனுபவங்களை எழுதினார்கள். பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. அந்தப் பயனை நான் மறுக்கவில்லை. ஆனால் பின்னால் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டது சிறிய பயனே. அந்த மாணவர்கள் எழுதி முடித்ததும் நண்பர்களிடம் திரும்பிப் போகக்கூடியவர்கள். ஊரே ஒதுங்கிநிற்கும் நோயாளியின் தேவை அதைவிடப் பெரியது.

வினைக்கொள்கைக்கு வருகிறேன். உடல் எடுத்த வினையை உடல் நுகர்ந்தே கழிக்க வேண்டும் என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது. நுகரும்போது கை சும்மா இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அப்பரின் சூலையைத் தமக்கையின் வேண்டுதலுக்கு இரங்கிய இறைவனின் அருள் என்றே அந்த மரபு கொள்கிறது. அப்படிச் சொல்லும் உரிமை நோயுற்றவருக்கு உண்டு. கட்டிலருகே நிற்பவருக்கு இல்லை. சிவாவின் தொழுநோயை நான் அருள் என்று சொல்லமாட்டேன். நோயில்லாத சிவா இன்னும் பல ஆண்டுகள் எழுதியிருப்பார். இன்று பல மருந்துகளைச் சேர்த்துத் தரும் சிகிச்சை ஆறு மாதத்திலோ ஓராண்டிலோ தொழுநோயைக் குணப்படுத்துகிறது. முதலில் மாத்திரை. கவிதை அதற்கு மாற்று என்று சொல்பவர் நோயாளிக்குத் தீங்கு செய்கிறார்.

ஆனால் மாத்திரையோடு நாம் நிறுத்திவிடுகிறோம். தருமபுரி வட்டாரத்தில் தெருக்கூத்து இன்றும் உயிரோடு இருக்கிறது. ஒரு கூத்து வாத்தியாருக்குச் சிறுநீரகமோ இதயமோ கெட்டுவிட்டால், ஓய்வெடுங்கள் என்று சொல்லி வீட்டார் அவரைத் திண்ணையோடு நிறுத்திவிடக்கூடும். அடவு கட்ட முடியாதவரால் பாட்டுச் சொல்லித்தர முடியும். கற்றுக்கொள்ள இரண்டு பிள்ளைகள் எதிரே வந்து உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

கடைசி மறுப்புத்தான் கடினமானது. சிவா பாப்பாரப்பட்டியில் பாரதமாதாவுக்கு ஆலயம் எழுப்ப விரும்பினார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். 1925 ஜூனில் தாஸ் இறந்தார், அடுத்த மாதம் சிவாவும் இறந்தார். ஆலயம் எழவில்லை. தமிழக அரசு அங்கே நினைவாலயம் எழுப்பியது வெகுகாலம் கழித்துத்தான். அப்படியானால் அந்த வலிமை எதைச் சாதித்தது? ஆலயத்தைச் சாதிக்கவில்லை. நாற்பது வயதில் அந்த ஏக்கத்தோடுதான் அவர் போனார், அதை ஆறுதல் சொல்லி மறைக்க நான் விரும்பவில்லை. கை மரத்துப்போன ஒருவர், தனக்குப் பின் வரப்போகிறவர்கள் கூடுவதற்கான இடத்தைப் பற்றிக் கடைசிவரை பேசிக்கொண்டிருந்தார். அவரை நம்பி மற்றவர்கள் அந்த ஊருக்கு வந்தார்கள்.