அந்நியனை அறிவது எவ்வாறு?

1846ஆம் ஆண்டில், டென்மார்க்கிற்குரிய பரோ தீவுகளில் சின்னமுத்து பரவிற்று. ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேர் வரையில் நோயுற்றனர். அங்கு அனுப்பப்பட்ட பீற்றர் பனும் என்னும் இளம் வைத்தியர் ஒரு விந்தையைக் கண்டார். 65 ஆண்டுகளுக்கு முன்னர், 1781இல், அந்நோய் கண்டிருந்த முதியவர்களை அது மீண்டும் அணுகவேயில்லை. அவர்களுடைய உடல் பழைய பகைவனை மறக்கவில்லை.

ஆயினும் சின்னமுத்தை அறிந்த உடலுக்குக் கூகைக்கட்டிலிருந்து அதனாற் பாதுகாப்பில்லை. ஒவ்வொரு கிருமியையும் உடல் தனித்தனியே இனங்காண்கிறது. எவ்வாறு? 1957இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானி பேர்னெற் தந்த விளக்கம் இது: கிருமி வந்த பின்னர் உடல் அதற்கேற்ற ஆயுதத்தைப் புதிதாக வடிப்பதில்லை. நம்முள் உலாவும் எண்ணற்ற வெண்குருதிக் கலங்கள் வெவ்வேறு வடிவமான 'பூட்டுகளை' முன்னரே தாங்கியிருக்கின்றன. கிருமியின் ஒரு சிறு பகுதி, திறப்பைப் போல, எந்தப் பூட்டிற்குப் பொருந்துகிறதோ அந்தக் கலமே பல்கிப் பெருகிப் போரிடுகிறது. போர் முடிந்த பின் சில கலங்கள் நினைவாக எஞ்சுகின்றன.

ஆனால், இப்பூட்டுகள் எழுந்தமானமாக அமைபவை. ஆதலால் சில, சொந்த உடலுக்கே பொருந்திவிடும். அத்தகைய கலங்களிற் பல, நெஞ்சறையிலுள்ள தைமசுச் சுரப்பியிலும் எலும்பு மச்சையிலும் பயிலும்போதே அகற்றப்படுகின்றன. தப்பி வருபவற்றை அடக்கிவைக்கும் கலங்களும் உள. இவற்றைப் பற்றி ஆராய்ந்த சக்காகுச்சி, பிரங்கோ, ராம்ஸ்டெல் ஆகிய மூவரும் 2025இல் நோபல் பரிசு பெற்றனர். இக்கட்டுப்பாடு தளர்ந்தால் காவலனே வீட்டை இடிப்பான். ஒருவகை மூட்டுவாதமும், சிறுவரிலும் தோன்றும் ஒருவகை நீரிழிவும் அவ்வாறு விளைபவையே.

இன்னொன்றையும் நோக்குங்கள். கருவிலுள்ள சிசுவிற் பாதி தந்தையின் கூறு. தாயின் உடலுக்கு அது அந்நியமே. எனினும் தாய் அதனைச் சுமந்து வளர்க்கிறாள். அந்நியம் என்பதற்காக மட்டும் உடல் எல்லாவற்றையும் பகைப்பதில்லை.

சமுதாயத்தை உடலுக்கு ஒப்பிட்டு, ஒரு சாதியாரையோ இனத்தாரையோ 'கிருமி' என்போர் எக்காலத்திலும் உளர். ஜேர்மனியில் நாசிகள் யூத மக்களை அவ்வாறே ஏசினர். அதன் முடிவை உலகறியும். இவ்வொப்புமை அடிப்படையிலேயே பிழையானது. கலத்திற்கு மனச்சாட்சி இல்லை, மனிதனுக்கு உண்டு. கிருமி மனந்திருந்தாது, மனிதன் திருந்துவான். வாதத்திற்காக ஒப்புமையை ஏற்றாலும், உடலே அவர்களுக்கு எதிர்ச்சாட்சி. அது மொத்தமாகத் தீர்ப்பிடுவதில்லை, ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. பிறரைத் தாக்குமுன் தன்னவருள் கேடு செய்வோரை அடக்குகிறது.

அப்படியாயின் காவலே வேண்டாமா? வேண்டும். காவலற்ற உடல் பிழைக்காது. தீமையைத் தீமையென்று சொல்லத்தான் வேண்டும். ஆனால், செய்தவனையும் செய்த செயலையும் பார்த்துச் சொல்லவேண்டும். நம் வீட்டுப் பிள்ளை வெளியிலே கேட்டு வந்து, "அவங்கள் எல்லாரும் அப்படித்தான்" என்று சொன்னால், பெற்றோர் வாளாவிருத்தல் தகாது. "ஆர்? எப்போது? என்ன செய்தவர்?" என்று கேளுங்கள். நீதியின் முதற்பாடம் அந்தக் கேள்விகளிலேயே தொடங்குகிறது.