‘பித்தா’ என்றவரைப் பாட வைத்த பெருமான்

‘நம் சாமியை ஒருவர் மேடை போட்டு வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தால் பாவம் இல்லையா?’ ஆன்மிகக் கூட்டங்களில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. கேட்பவர் முகத்தில் உண்மையான வேதனை தெரியும். பெற்ற தாயைப் பழித்தால் பிள்ளைக்கு வலிக்காதா? வலிக்கத்தான் செய்யும். ‘பேச்சுரிமை இருக்கிறது, போங்கள்’ என்று சொல்லி அந்த வேதனையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், அந்த வலியோடு நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதுதான் கேள்வி. பதிலைத் தேடி, அன்பர்களே, முதலில் திருவெண்ணெய்நல்லூருக்குப் போவோம்.

விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிற தலம் இது. இறைவன் கிருபாபுரீஸ்வரர். திருநாவலூரில் பிறந்து, நரசிங்கமுனையரையரின் அரண்மனையில் வளர்ந்த நம்பியாரூரருக்குப் புத்தூரில் திருமணம். முகூர்த்த நேரத்தில் ஒரு கிழவர் வந்து நிற்கிறார். ‘இவன் என் அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இதோ’ என்கிறார். மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கும்? ‘அந்தணனுக்கு அந்தணன் அடிமையாவது உண்டா? நீர் என்ன பித்தரா?’ என்று சபையறியச் சொல்லிவிட்டார். சொன்னதோடு விடவில்லை. ஓடிப்போய் ஓலையைப் பிடுங்கிக் கிழித்தும் போட்டார்.

கிழவர் வேடத்தில் வந்தவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். முப்புரம் எரித்தவர், காமனைப் பார்வையாலேயே சாம்பலாக்கியவர். அவர் செய்தது என்ன? ‘கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை ஊரில் இருக்கிறது’ என்று சொல்லி, வழக்கைத் திருவெண்ணெய்நல்லூர் சபைக்குக் கொண்டுபோனார். சபையாரும் ‘வயதானவர் சொல்கிறாரே’ என்று உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பாட்டனாரின் வேறு கையெழுத்தைக் கொண்டுவரச் சொல்லி, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிறகுதான் தீர்ப்பு. உலகத்துக்கே சாட்சியாக இருப்பவர், சாட்சியத்துக்குக் கட்டுப்பட்டு நின்றார்!

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் தொடுத்த வழக்கு ஓலையைப் பற்றியது. ‘என்னைப் பித்தன் என்று திட்டிவிட்டான்’ என்று சபையில் ஒரு வார்த்தை முறையிடவில்லை. வசவு அவர் கணக்கிலேயே ஏறவில்லை. கடைசியில் திருவருட்டுறைக் கோயிலுக்குள் புகுந்து மறைந்து, விடைமேல் காட்சி தந்து, ‘பாடு’ என்றபோது, ‘என்ன சொல்லிப் பாடுவேன்’ என்று திகைத்தார் நம்பி. ‘முன்பு பித்தன் என்றாயே, அதையே முதலாக வைத்துப் பாடு’ என்றார் பெருமான். வசைச் சொல்லே சுந்தரர் தேவாரத்தின் முதல் சொல்லாயிற்று. அதன்பிறகும் சுந்தரர் வாய் அடங்கியதா என்ன? கண்பார்வை இழந்த காலத்தில் அவர் சுவாமியிடம் கோபித்துக்கொண்ட கோபம் திருமுறையில் அப்படியே இருக்கிறது. ஓதுவார்கள் இன்றும் அதைச் சன்னிதியில் நின்றுதான் பாடுகிறார்கள்.

‘மதுரையில் நெற்றிக்கண் திறந்ததே, அது?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தருமிக்காக இறைவன் எழுதிய பாட்டில் நக்கீரர் குற்றம் சொன்னார். நெற்றிக்கண்ணைப் பார்த்த பிறகும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை; வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். பலர் கதையை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். திருவிளையாடற் புராணத்தில் அதற்குப் பிறகு கீரனைக் கரையேற்றிய படலம் இருக்கிறது. அதற்கும் பிறகு, கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம். அகத்தியரை வரவழைத்து நக்கீரருக்கு இலக்கணம் சொல்லித்தரச் செய்கிறார் சோமசுந்தரர். குற்றம் சொன்னவருக்குக் கிடைத்தது பாடம்! சங்கத்திலிருந்து அவரைத் தள்ளிவைக்கவில்லை.

இதெல்லாம் புராணம், மனிதர்களுக்கு ஒத்துவருமா என்றால், யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரைப் பாருங்கள். 1822-இல் பிறந்தவர். பெர்சிவல் பாதிரியாருடன் இருந்து பைபிளைத் தமிழாக்கும் பணியில் உதவியவர். அதே காலத்தில் சைவத்தையும் கோயில் வழிபாட்டையும் இழித்துக் கிறிஸ்தவ சபைகள் துண்டறிக்கைகள் வெளியிட்டு வந்தன. நாவலர் ஆள் திரட்டவில்லை. 1848-இல் வண்ணார்பண்ணையில் பள்ளிக்கூடம் தொடங்கினார், அச்சுக்கூடம் வைத்தார். 1854-இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதினார். கோயில், தூபம், தீபம், பலி எல்லாம் உங்கள் வேதத்திலேயே இருக்கின்றனவே என்று பைபிளிலிருந்தே எடுத்துக் காட்டினார். எதிராளியின் நூலை அவ்வளவு ஊன்றிப் படித்திருந்ததால்தான் அப்படி எழுத முடிந்தது. சுந்தரர் கதையை நம்மில் பலருக்கு எளிய உரைநடையில் கொண்டுவந்து சேர்த்த ‘பெரியபுராண வசன’மும் அவர் கொடுத்ததுதான்.

அந்த நாவலருக்கே ஒரு சோதனை வந்தது. 1867-இல் வடலூர் வள்ளலாரின் பாடல்கள் ‘திருவருட்பா’ என்ற பெயரில் வெளியாயின. திருமுறைகளுக்கு மட்டுமே உரிய பெயர் அது என்று நாவலர் கடுமையாக மறுத்தார். இரு தரப்பும் சூடாக எழுதின, பேசின. தம்மைச் சிதம்பரத்தில் இழித்துப் பேசினார்கள் என்று 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அவதூறு வழக்கே தொடுத்தார் நாவலர். இரு பக்கமும் நெற்றி நிறைய நீறு! நாவலர் பதிப்பித்த நூல்களைப் படிக்கிற வீடுகளிலேயே இன்று அருட்பாவும் பாடுகிறார்கள். அன்றைக்கு யாராவது ஒருவர் வாயை அதிகாரத்தால் அடைத்திருந்தால், இந்த இரண்டில் ஒன்று நமக்குக் கிடைக்காமல் போயிருக்கும்.

இனி சட்டத்துக்கு வருவோம். நம் அரசியல் சாசனத்தின் 19-ஆம் பிரிவு பேச்சுரிமை தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், அவதூறு போன்ற காரணங்களுக்காக அதற்கு வரம்பும் கட்டுகிறது. மத உணர்வு புண்படுதல் என்பது அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. 1927-இல் சேர்க்கப்பட்ட 295-ஏ பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆம் பிரிவாக இருக்கிறது. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு ஒரு பிரிவினரின் மதத்தை இழிவுபடுத்துவதையே அது குற்றம் என்கிறது. அந்தப் பழைய பிரிவு செல்லும் என்று 1957-இல் சொன்ன உச்ச நீதிமன்றம், அந்த எண்ணம் இல்லாமல் தவறிவந்த வார்த்தைக்கு இது பொருந்தாது என்றும் சொன்னது.

1953-இல் திருச்சியில் பெரியார் ஈ.வெ.ரா. களிமண் பிள்ளையாரை உடைத்தது வழக்காகி உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘இது கோயிலில் பிரதிஷ்டை செய்த சிலை இல்லையே’ என்றன கீழ் நீதிமன்றங்கள். 1958-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு பிரிவினர் புனிதமாக மதிக்கும் பொருள் எவ்வளவு சிறியதானாலும், மலிவானதானாலும் சட்டம் அதைக் காக்கும் என்று விளக்கியது. ஆனால், காலம் கடந்துவிட்டதால் விசாரணையைத் தொடர உத்தரவிடவில்லை. எனக்கு இதில் ஒன்று தோன்றும். சதுர்த்திக்கு வாங்கிய களிமண் பிள்ளையாரை மூன்றாம் நாள் நாமேதானே கிணற்றில் கரைக்கிறோம்? மண் ஒன்றுதான். கரைக்கிற கையின் எண்ணமும் உடைக்கிற கையின் எண்ணமும்தான் வேறு. சட்டமும் எண்ணத்தைத்தான் கேட்கிறது.

ஆக, ‘இந்தச் சடங்குக்கு அர்த்தம் இல்லை’, ‘இந்தப் புராணம் நம்பும்படி இல்லை’ என்கிறவர் குற்றவாளி அல்ல. அவருக்குப் பதில் தெரிந்தால் சொல்லுங்கள்; தெரியாவிட்டால் படியுங்கள். ‘இந்தச் சாமியைக் கும்பிடுகிறவனை அடி, ஊரைவிட்டுத் துரத்து’ என்று ஒருவர் பேசினால் அது வேறு. அங்கே ஆபத்து சாமிக்கு இல்லை. உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு. அதற்குப் போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அவர் திட்டுவது வேறு மதத்துச் சாமியை என்றாலும் அப்படித்தான்.

கோயில் குளத்தில் ஏன் குப்பை, உண்டியல் கணக்கு எங்கே, இன்னாரை ஏன் வாசலிலேயே நிறுத்துகிறீர்கள் என்று கேட்பவரையும் சிலர் ‘தெய்வ நிந்தனை’ என்று அடக்கப் பார்க்கிறார்கள். தம் சொந்த ஊர் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆகமத்துக்கு மாறானவை நடக்கின்றன என்று நாவலரே எழுதிக் கண்டித்திருக்கிறார். அவரை விடப் பெரிய பக்தர் அந்த ஊரில் யார்?

திருவெண்ணெய்நல்லூர் கோயிலில் ‘வழக்குத் தீர்த்த மண்டபம்’ இருக்கிறது. கிழவராக வந்தவர் விட்டுச் சென்றதாகச் சொல்லப்படும் பாதுகைகளும் அங்கே இருக்கின்றன. திருக்கோவிலூர்ப் பக்கம் போகிறவர்கள் அவசியம் தரிசித்து வாருங்கள்.