மன்னிக்கும் உரிமை யாருக்கு?

அடித்தவன் ஒருவன், அடிபட்டவன் வேறொருவன். அடித்தவன் ஆலயம் செல்கிறான், மண்டியிடுகிறான், கண்ணீர் வடிக்கிறான், ஆண்டவன் மன்னித்துவிட்டான் என்ற ஆறுதலோடு வீடு திரும்புகிறான். அடிபட்டவனோ புண்ணோடு கிடக்கிறான். அவன் கணக்கு என்னாயிற்று?

இப்படி நாம் கேட்டதும், நாத்திகம் பேசுகிறார்கள் என்று முகம் சுளிப்போர் உண்டு. சுளிக்கட்டும்! கடவுள் உண்டா, இல்லையா என்ற வழக்கை இன்று ஒதுக்கி வைப்போம். கடவுளின் கருணை, மனிதன் மனிதனுக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிடுமா என்பதே நம் கேள்வி.

கிறித்துவ நெறியின் உயிர்நாடி மன்னிப்பு. அதனை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. தவறியவனைத் தள்ளி வைக்காமல், திருந்தி வா என்று கதவைத் திறந்து வைப்பது உயர்ந்த பண்பே. ஆனால், அந்தக் கதவு வழியே நுழைந்தவர் பின்னர் என்ன செய்தார் என்று பார்க்க வேண்டாமா?

ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேயரின் வரலாற்றைப் பாருங்கள். கடலோடியான அவர், 1748-ஆம் ஆண்டு நடுக்கடலில் புயலில் சிக்கினார், கடவுளைக் கூவி அழைத்தார், பிழைத்தார். அருள் கிட்டியது என்று நம்பினார். நம்பியவர் அடிமை வணிகத்தை உதறினாரா? இல்லை! 1750 முதல் 1754 வரை அடிமைக் கப்பல்களுக்கே தலைவராக விளங்கினார். மேல்தளத்திலே வழிபாடு, கீழ்த்தளத்திலே விலங்கு பூட்டப்பட்ட ஆப்பிரிக்க மக்கள்! கப்பலை விட்டு அவர் இறங்கியதும் உடல் நலிந்ததால்தான். உள்ளம் உறுத்தியதால் அன்று.

1764-இல் பாதிரியார் ஆனார். 'அமேசிங் கிரேஸ்' என்று உலகம் இன்றும் பாடும் அருட்பாடலை இயற்றினார். அடிமை வணிகத்தின் கொடுமையை அம்பலப்படுத்தி, தாமும் அதில் பங்குகொண்டதை வெட்கத்தோடு ஒப்பி நூல் வெளியிட்டது 1788-இல். அருள் கிட்டியதற்கும் அறம் பேசியதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள்! அந்த நாற்பது ஆண்டுகளில் கடல் கடத்தி விற்கப்பட்டோர் யாரிடம் முறையிடுவது?

அவர் பேசியது வீண்போகவில்லை. 1807-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தைத் தடை செய்தது. அவ்வாண்டின் இறுதியில் நியூட்டன் மறைந்தார். நாம் போற்றுவது புயலில் அழுத நியூட்டனை அல்ல. உண்மையை ஊரறிய உரைத்த நியூட்டனை!

அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. ஈட்டுத்தொகை 2 கோடி பவுன். யாருக்கு? உழைத்துத் தேய்ந்தவர்க்கா? அல்ல, அல்ல, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்க்கு! பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த நற்செய்தி பரப்பும் சங்கமும் அதில் பங்கு பெற்றது. இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவை மன்னிப்புக் கோரியது 2006-இல். 10 கோடி பவுன் நிதி ஒதுக்குவதாக அத்திருச்சபையின் சொத்து ஆணையர்கள் அறிவித்தது 2023-இல். வருத்தம் வாயளவில் நின்றால் போதாது என்பதை ஆலயமே உணர இத்தனை காலம்!

இது நாம் புதிதாகப் புகுத்தும் நீதியன்று. அவர்கள் போற்றும் நற்செய்தி நூலிலேயே சகேயு என்ற வரி தண்டுவோன் வருகிறான். வஞ்சித்துப் பறித்ததை நாலு மடங்காகத் திருப்பித் தருவேன் என்கிறான். அதன் பிறகே அவன் வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார். சகோதரன் மனக்குறையோடு இருந்தால், காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு, முதலில் அவனிடம் போ என்பதும் அவர் அறிவுரையே.

ஆகவே, இளைஞர்களே! கடவுள் என்னை மன்னித்துவிட்டார் என்று எவரேனும் சொன்னால், அவரோடு வாதிட வேண்டாம். ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஐயா, எடுத்ததைத் திருப்பித் தந்துவிட்டீரா?"