கீழடியின் வடிகாலும் கீழிறங்கும் மனிதனும்

சிவகங்கைச் சீமையில் அரண்மனை உண்டு, ஆலயங்கள் உண்டு, காரைக்குடியிலே கண்ணைப் பறிக்கும் மாளிகைகள் உண்டு. நாம் தேடிச் சென்றதோ, வடிகால்! நகைக்க வேண்டாம், தோழர்களே! கோபுரத்தின் உயரம் ஒரு நாட்டின் செல்வத்தைக் காட்டும். கழிவுநீர் செல்லும் வழிதான் அதன் அறிவைக் காட்டும்.

2023 மார்ச் 5ஆம் நாள் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம், செட்டிநாட்டு மாளிகையின் பாணியிலேயே எழுந்து நிற்கிறது. ஆங்கே, மண்ணுக்கடியில் ஈராயிரம் ஆண்டுக்கு மேலாக உறங்கிக் கிடந்த தமிழனின் வாழ்வு பேசுகிறது. உறைகிணறு, செங்கல் வடிகால், ஒன்றோடொன்று பொருந்தும் சுடுமண் குழாய்கள்! கண்டோம், களித்தோம். ஆதன், குவிரன் எனப் பெயர் பொறித்த பானை ஓடுகளையும் கண்டோம். பானைக்கு உடையவன் பெயர் நிலைத்துவிட்டது. வடிகாலுக்கு உழைத்தவன் பெயர் எங்கே?

அந்தக் கேள்வி நம்மை இன்றைய வீதிக்கு இழுத்து வந்தது. 1867ஆம் ஆண்டு உலகப் பொருட்காட்சியின்போது பாரிசு நகரத்தார் தம் பாதாளச் சாக்கடையையே விருந்தினருக்குக் காட்டினர். காண இறங்கியவர் வியப்போடு மேலே வந்தனர். நம் நாட்டிலோ, துப்புரவு செய்ய இறங்குபவன், நச்சுக்காற்றுக்கு இரையாகிப் பிணமாக மேலே வருகிறான்!

சட்டம் இல்லையா? உண்டு. பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் மனிதனை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. மாண்டவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் என்று 2014இல் கூறிய உச்சநீதிமன்றம், 2023இல் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. கருவி இல்லையா? அதுவும் உண்டு. 2018இலேயே திருவனந்தபுரத்தில் இயந்திர மனிதன் குழிக்குள் இறங்கிற்று. சட்டமும் கருவியும் இருந்தும் சாவு ஏன்? இயந்திரத்தைவிட மலிவாக மனிதனைத் தருகிறது சாதி! தலைமுறை தலைமுறையாக ஒரே சேரியிலிருந்து அவனை அழைத்து வருகிறது.

"அவனே கூலிக்கு இசைந்துதானே வருகிறான்?" என்பர் சிலர். பசி நீட்டிய தாளில் இட்ட கையொப்பம் இசைவாகுமா? "நாம் இறக்கவில்லை, ஒப்பந்தக்காரர் இறக்கினார்" என்பர் வேறு சிலர். ஏவியவன் ஒருவன், இறக்கியவன் ஒருவன், கண்டும் காணாதிருந்தவர் நாம். மூவர் பங்கிட்டுக்கொண்டால் பழி குறைந்துவிடுமா?

பகுத்தறிவாளராகிய நாமும் இதற்கு விலக்கல்ல. மாலையில் மேடையேறிச் சாதி ஒழிக என முழங்கி, மறுநாள் வீட்டுத் தொட்டி நிரம்பியதும் "மலிவாக ஆள் கிடைக்குமா?" என்று கேட்போமாயின், நம் முழக்கத்துக்கு என்ன மதிப்பு? இயந்திரம் வரும்வரை காத்திருப்போம். கூடுதல் செலவை ஏற்போம். மனிதனை இறக்குபவரைத் தடுத்து நிறுத்துவோம். ஊராட்சியையும் நகராட்சியையும் இயந்திரம் கேட்டு உலுக்குவோம்.

கீழடி நம் பெருமை, ஐயமில்லை. ஆனால், முன்னோர் பெருமை நமக்குச் சொத்தன்று, கடன்! கடைசி மனிதன் குழியிலிருந்து கரையேறும் நாளில்தான் அந்தக் கடன் தீரும்.