நம் விரதமும் அதன் பசியும்

கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட ஒரு குடும்பம், புலால் உண்டு வளர்ந்த ஓர் உயிரைத் தன் பொறுப்பில் ஏற்றுக்கொண்டால், அதற்கு எதனை உணவாக இடுவது? இவ்வினாவை நான் நூல்களில் தேடிச் சென்றவளல்லள். ஆஸ்திரேலிய நாட்டின் மெல்போர்ன் நகரில் வாழும் என் மகளின் இல்லத்தில் சில மாதங்கள் தங்கியிருந்தபோது, அது மெலிந்த உடலோடும் நான்கு கால்களோடும் தானே என் முன் வந்து நின்றது.

நான் சென்று சேர்ந்த வாரத்தில்தான், என் பேத்தியின் விருப்பத்திற்கிணங்க அவர்கள் ஒரு கிரேஹவுண்ட் பெண் நாயைத் தத்தெடுத்திருந்தனர். நம் தென்மாவட்டத்துச் சிப்பிப்பாறை நாயைக் கண்டவர்களுக்கு இதன் தோற்றம் எளிதில் விளங்கும். நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, மெல்லிய தோல். மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் மேலாக ஓடவல்லது. அந்த வேகமே அதற்குக் கேடாயிற்று. மனிதர் பணயம் வைத்து ஆடும் சூதுக்காக இவ்வினத்தை ஓடவிடுகின்றனர். ஓட்டம் தளர்ந்த நாய்க்கு அவ்வுலகில் இடமில்லை. உயிருள்ள சிறு விலங்குகளை இரையாகக் காட்டி இந்நாய்களைப் பழக்கும் கொடுமை 2015ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தொலைக்காட்சி வாயிலாக வெளிப்பட்டது. அடுத்த ஆண்டு நியூ சவுத் வேல்ஸ் மாநில விசாரணை ஆணையம் அளித்த அறிக்கை, 12 ஆண்டுகளில் 48,000க்கும் மேற்பட்ட நாய்கள் போதிய வேகமில்லை என்பதற்காகவே கொல்லப்பட்டதாகக் கணக்கிட்டது. அந்நாட்டின் தலைநகர்ப் பகுதி 2018இல் இப்பந்தயத்தைத் தடை செய்தது. ஏனைய மாநிலங்களிலோ அது தொடர்ந்தது. பந்தயத்திலிருந்து விலக்கப்பட்ட நாய்களுக்கு வீடு தேடித் தரும் அமைப்புகளும் அங்கே உள்ளன. அவற்றுள் ஒன்றிலிருந்து வந்ததே இந்த நாய்.

உணவு, மருந்து, கல்வி, அபயம் என நம்மவர் வகுத்த நால்வகைத் தானங்களுள் அபயதானம் இது என்று எண்ணி நான் மகிழ்ந்தேன். ஆனால் மகிழ்ந்த நானே அடுத்த நாள் ஒரு பிழை செய்தேன்.

பந்தயக் கொட்டில்களில் இந்நாய்களுக்குப் பச்சை மாமிசமும் உலர்தீவனமும் கலந்து இடுவது வழக்கம். தத்தளித்த அமைப்பினர், மாமிசம் சேர்ந்த உலர்தீவனப் பை ஒன்றைக் கொடுத்து, உணவை மாற்றுவதாயின் சிறிது சிறிதாக மாற்றுமாறு அறிவுறுத்தியிருந்தனர். அப்பையைக் கண்டதும் என் மனம் கூசியது. "நம் வீட்டிற்குள் இது வரலாமா? ஊரில் நாய்கள் தயிர்ச்சோறும் பருப்புச்சோறும் உண்டு வாழவில்லையா?" என்றேன். என் சொல்லைத் தட்டாத மகள் அன்றே பையை வெளியே வைத்துவிட்டாள்.

இரண்டு நாளில் நாய்க்கு வயிறு இளகியது. ஒரு வாரத்தில் கழிச்சலோடு சளியும் இரத்தக் கீற்றும் கண்டன. புதிய இடத்தின் அச்சம் என்றேன். தண்ணீர் ஒவ்வவில்லை என்றேன். மூன்று வாரத்தில் 27 கிலோ இருந்த நாய் 24 கிலோவாயிற்று. விலா எலும்புகளை எண்ணலாம் போலிருந்தது. இரவில் மூன்று முறை எழுந்து கதவருகே நின்று, வெளியே விடுமாறு எங்களைப் பார்க்கும்.

கால்நடை மருத்துவர் சோதித்துவிட்டு மூன்று காரணங்களைக் கூறினார். குடலில் கொக்கிப்புழு இருக்கிறது. பழகிய உணவை ஒரே நாளில் மாற்றியதால் செரிமானம் நிலைகுலைந்திருக்கிறது. வளர்ந்த நாய்கள் பலவற்றிற்குப் பால் எளிதில் செரிப்பதுமில்லை. சோறும் பருப்பும் தயிரும் வயிற்றை நிரப்புமேயன்றி, இவ்வளவு பெரிய நாய்க்கு வேண்டிய புரதத்தையும் பிற சத்துகளையும் அளவறிந்து தாரா. புழுவிற்கு மருந்து தந்தபின், சில நாள்களுக்குத் தோல் நீக்கி வேகவைத்த கோழியிறைச்சியைச் சோற்றுடன் கலந்து, சிறு சிறு வேளைகளாகக் கொடுக்கச் சொன்னார்.

அன்றிரவு எவருக்கும் உணவு இறங்கவில்லை. "அம்மா, நான் என்ன செய்வது?" என்று மகள் கேட்டாள். வேறு மருத்துவரைப் பார்க்கலாம் என்று நான் கூறத் தொடங்கினேன். அப்போது 14 வயதுப் பேத்தி இடைமறித்தாள். "பாட்டி, மாமிசம் உண்பதில்லை என்ற விரதத்தை நீங்கள் எடுத்தீர்கள், அம்மா எடுத்தார்கள், நானும் எடுத்திருக்கிறேன். இந்த நாய் எப்போது எடுத்தது?"

வகுப்பறையில் வாழ்நாளெல்லாம் வினாக் கேட்டே பழகியவள் நான். அன்று விடை கூற இயலவில்லை. அவ்வினா எழுந்த பிறகுதான் நூல்களின் பக்கம் திரும்பினேன்.

இல்லறத்தாரின் அஹிம்சை அணுவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரம் தொகுத்துக் கூறுகிறது. கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவற்றை மனப்பாடமாக அறிந்தவர் நம்முள் பலர். ஐந்தாவது அதிசாரம் வண்டிமாட்டைப் பட்டினி போடும் கொடியவருக்கே உரியது என்று நான் எண்ணியிருந்தேன். கிண்ணம் நிறையச் சோறு வைத்துவிட்டு, அதன் உடல் ஏற்காத உணவையே மேலும் மேலும் வைப்பதும் உணவை மறுத்தலே என்பது எனக்குத் தோன்றியதில்லை. கொல்லாமையைக் காப்பதாக எண்ணிக்கொண்டு நான் அதன் அதிசாரத்தைச் செய்துகொண்டிருந்தேன்.

எனினும் எதிர்வாதம் வலிமையற்றதன்று. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினைக்கு வாயில்கள் என்பது நம் கொள்கை. கடையில் இறைச்சி வாங்குபவர் கத்தியைத் தொடாவிடினும் செய்விப்பவரே. வாங்குவோர் இருப்பதால்தான் கொல்வோர் இருக்கின்றனர் என்று அண்டை வீட்டாரிடம் எத்தனை முறை நாம் வாதிட்டிருக்கிறோம்! அதே வாதத்தை, நம் வீட்டு நாயின்பொருட்டு என்றதும் மறந்துவிடலாகுமா? ஒரு நாயைக் காக்க எத்தனை கோழிகள்? இக்கேள்விக்கு எளிய விடை இருப்பதாகக் கூறுபவரை நான் நம்பமாட்டேன்.

நல்லெண்ணத்தோடு செய்தால் தீதில்லை என்று கூறி விலகவும் வழியில்லை. யசோதர காவியத்தில் அரசனும் அவன் தாய் சந்திரமதியும் பலியிட்டது மாவினால் செய்த கோழியை. அங்கே உயிர் எதுவும் கொல்லப்படவில்லை. கொல்லும் எண்ணமே அவர்களைப் பல பிறவிகளில் அலைக்கழித்தது. மயிலாய்ப் பிறந்த மகனை, நாயாய்ப் பிறந்த தாய் கௌவியது. எண்ணத்தின் ஆற்றலை இது காட்டுகிறது. ஆனால் தீய எண்ணம் மாவையும் உயிராக்கும் என்பதால், நல்ல எண்ணம் உயிரை மாவாக்கிவிடும் என்று கொள்ளலாகாது. கோழி கோழிதான்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். புழுவிற்கு மருந்து கொடுத்தபோது எங்களுள் ஒருவரும் ஐயுறவில்லை. புழுவும் ஈரறிவுயிரே, அதற்கும் வாழ்வு இனிதே. ஐந்தறிவுயிராகிய கோழியைக் கொல்வது அதனினும் பெரிய ஹிம்சை என்பது உண்மை. ஆயினும், ஹிம்சையே அற்ற வழி ஒன்று எங்கள் முன் இருந்ததாக நான் எண்ணியது பொய் என்பதை அம்மருந்துச் சீட்டு எனக்கு உணர்த்தியது. பற்றற்ற துறவிக்கு அவ்வழி உண்டு. வீட்டையும் நாயையும் ஏற்றுக்கொண்ட இல்லறத்தார்க்கு உள்ளது குறைத்துக்கொண்டே செல்லும் வழி மட்டுமே. வேண்டுமென்று செய்யும் சங்கற்ப ஹிம்சையை நம் முன்னோர் ஏனைய மூன்றினின்றும் பிரித்து வைத்ததும் இதனாலன்றோ?

மறுநாள் மருமகன் வீட்டின் பின்புறத்தில் தனி அடுப்பில், தனிப் பாத்திரத்தில் மருத்துவர் கூறியவாறு சமைத்தார். நான் அறைக்குள் அமர்ந்து பஞ்ச நமஸ்காரம் ஓதிக்கொண்டிருந்தேன். அக்கோழிக்காக ஓதினேனா, நாய்க்காகவா, எனக்காகவா என்று இன்றும் தெரியவில்லை. நான்காம் இரவு நாய் எழாமல் உறங்கியது.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இக்கட்டுரையை எழுதத் துணிந்திரேன். உடல் தேறியபின், இயன்றவரை புலாலைக் குறைப்பது எவ்வாறு என்று மருத்துவரிடமே மகள் கேட்டாள். அவர் நகைக்கவில்லை. நாய் பூனையைப் போன்றதன்று என்றார். டாரின் முதலிய சில சத்துகள் பூனைக்கு இயல்பாக மாமிசத்திலிருந்தே கிடைக்கின்றன. நாயோ மனிதரோடு பல்லாயிரம் ஆண்டுகள் வாழ்ந்து, மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றலை ஓநாயைவிட மிகுதியாகப் பெற்றுள்ளது. 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு இதனை விளக்கியது. தாவரப் பொருள்களால் ஆன முழுமையான நாயுணவு இயலாததன்று என்பதை ஏற்று, பிரிட்டானியக் கால்நடை மருத்துவர் சங்கம் 2024இல் தன் பழைய எதிர்ப்பைக் கைவிட்டது. ஆனால் அவ்வாறு கூறப்படுவது, சத்துகளை அளந்து சேர்த்துச் செய்த முழுமையான உணவைப் பற்றியே. நம் தட்டில் மிஞ்சிய சோற்றைப் பற்றியன்று. நோயுற்ற குடல் அதனைச் சோதித்துப் பார்க்கும் களமுமன்று.

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதல் விதிகளுள் ஒன்று. நாயின் வயிற்றிற்கும் அதுவே விதி. நலமுள்ள நாய்க்கு உணவு மாற்ற ஏழு முதல் பத்து நாள் போதும் என்பர். இதற்கு எங்களுக்கு வாரங்கள் ஆயின. பழகிய உணவோடு சோயாவை முதன்மையாகக் கொண்ட தாவர உணவைக் கால் பங்கு கலந்து, வாரந்தோறும் எடை பார்த்து, மலம் கெட்டியாக இருக்கிறதா என்று நோக்கி, பிறகே அளவை உயர்த்தினோம். எடை குறைந்தால் உடனே பின்வாங்குவது என்று முன்னரே முடிவு செய்திருந்தோம். பாதி வரை எத்தடையுமில்லை. பாதியைத் தாண்டியதும் வயிறு மீண்டும் இளகியது. ஒரு மாதம் பொறுத்து இரண்டாம் முறை முயன்றோம்; அவ்வாறே ஆயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டோம். எடை மீண்டும் 27 கிலோவுக்கு வந்தது.

நாய் வளர்ப்போர்க்கு இடையே ஒரு சொல். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. முதலிரண்டையும் விலக்கிய நம் இல்லங்களில் அந்த ஆபத்து குறைவு. பண்டிகைப் பாயசத்தில் எச்சரிக்கையாக இருங்கள்.

பேத்தியின் வினாவிற்கு விடை நம் புராணத்திலேயே இருந்தது. மகாவீரரின் உயிர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாகப் பிறந்தது. சாரண முனிவர் இருவர் அறம் உரைக்கக் கேட்டு, தன் நிலைக்கு நாணி, புலாலைத் துறந்து, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தது. சிறு வயதில் கேட்ட இக்கதையில் இத்தனை காலமும் நான் கவனியாத செய்தி ஒன்று உண்டு. முனிவர் அறத்தை உரைத்தனர்; சிங்கத்தின் இரையை அவர்கள் மறைத்து வைக்கவில்லை. துறந்தது சிங்கம். தானே உணர்ந்து ஏற்பதே விரதம். பிறர்மேல் ஏற்றினால் அதற்குப் பெயர் பட்டினி.

சீவக சிந்தாமணியில், அந்தணரின் உணவைத் தீண்டியதற்காக அடிபட்டு வீழ்ந்த நாயின் செவியில் சீவகன் மந்திரம் ஓதினான். அது சுதஞ்சணன் என்னும் தேவனாயிற்று. அந்த நாய் வாழ்நாளில் எதை உண்டது என்று சீவகன் வினவவில்லை.

எனவே, விலங்கை ஏற்க விரும்பும் நம் குடும்பங்களுக்கு நான் கூறுவது இதுவே. அதன் உணவை நம் மனம் ஏற்குமா என்று அழைத்துவரும் முன்னரே எண்ணுங்கள். ஏற்காதெனில் வேறு வகையில் உதவுங்கள், அதில் குறையேதுமில்லை. அழைத்து வந்த பிறகு, அதன் பசி நம் பொறுப்பு. அதற்காக நேரும் ஹிம்சையை இயன்றவரை குறையுங்கள். குறைக்க இயலாத பங்கைப் பாவமன்று என்று சொல்லி மறைக்க வேண்டா. ஆலோசனையும் பிரதிக்கிரமணமும் நமக்கு வகுக்கப்பட்டிருப்பது அத்தகைய பங்கிற்காகவே. என் மகள் நாள்தோறும் கிண்ணத்தை நிரப்பியபின் ஒரு கணம் கண்மூடி நிற்கிறாள். அந்தக் கணம் அவளிடமிருந்து என்றும் நீங்காதிருக்கட்டும்.

இக்கருத்தில் பிழை இருப்பின், கற்றறிந்த சான்றோர் எடுத்துரைக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.