பூட்டிக் கிடக்கும் அறைகள்

அறுபது வயதில் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெறும் ஒருவர் பெரும்பாலும் நடுவயதில் தானே கட்டிய வீட்டில்தான் இருப்பார். வீட்டுக்கடன் வாங்கி, நகையை அடகு வைத்து, முதலில் கீழ்த்தளம், பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் காலத்தில் மாடி என்று கொஞ்சம் கொஞ்சமாக எழும்பிய வீடு அது. பிள்ளைகள் சென்னைக்கோ பெங்களூருக்கோ கடல் கடந்தோ போன பிறகு, அதில் புழங்கும் இடம் கூடமும் அடுப்படியும் ஒரு படுக்கையறையும்தான். மாடியை அவ்வப்போது யாராவது போய்ப் பெருக்கிவிட்டு வருவார்கள். முழங்கால் வலி வந்ததும் அதுவும் நின்றுபோகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். அந்த விகிதம் அதன் பிறகு ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. 'இதை விற்றுவிட்டுச் சின்னதாக ஒரு அபார்ட்மென்ட் பார்த்துப் போய்விடலாமா' என்ற பேச்சு எழாத நடுத்தரக் குடும்பம் இன்று குறைவு. கோயம்புத்தூரைச் சுற்றி முதியோருக்கென்றே குடியிருப்புகள் வந்துவிட்டன. இந்த மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது, இல்லறத்தை முடித்துக் காட்டுக்குப் போகும் பருவமான வானப்பிரஸ்தம் என்ற பெயரும் எப்படியோ வந்து சேர்ந்துகொள்கிறது. சின்ன வீட்டுக்கு மாறுவது வசதியைப் பற்றிய முடிவு மட்டும்தானா, அறத்தைப் பற்றிய முடிவும்கூடவா? அறத்தைப் பற்றியது என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் சரியானதல்ல.

பொருள் குறைந்தால் பற்றும் குறையும் என்பது வழக்கமாகச் சொல்லும் காரணம். துறவை மிகக் கடுமையாக வலியுறுத்திய சமணமே இதை அப்படியே ஏற்பதில்லை. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம், உடைமை என்பதைப் பொருளின் எண்ணிக்கையைக் கொண்டு வரையறுக்காமல், பொருளின்மேல் மனம் கொள்ளும் மயக்கத்தைக் கொண்டே வரையறுக்கிறது. ஒரே ஒரு கமண்டலத்தின் மேலும் அந்த மயக்கம் படியலாம். இதற்கு ஜப்பானிலிருந்து ஒரு சாட்சி உண்டு. கமோ நோ சோமேய் என்ற கவிஞர் துறவு பூண்டு, கியோட்டோவுக்கு வெளியே மலையில், பத்தடிக்குப் பத்தடி அளவில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு வாழ்ந்தார். அதைப் பற்றி அவர் 1212இல் எழுதிய சிறு நூல்தான் ஹோஜோகி. தன் வாழ்க்கையில் வீடுகள் எப்படிப் படிப்படியாகச் சுருங்கி வந்தன என்று அதில் கணக்குச் சொல்கிறார். வேண்டியபோது பிரித்து இரண்டு வண்டியில் ஏற்றிவிடக்கூடிய குடிசை. அதன் அமைதியை நெகிழ்ந்து வருணிக்கிறார். நூலின் கடைசியில் தன்னையே மடக்கிக் கேள்வி கேட்கிறார்: இந்தக் குடிசையின் மேல் வைத்த பிரியமும் பற்றுதானே? அந்தக் கேள்விக்கு அவர் பதில் தேடிக்கொடுக்கவில்லை. நூறு சதுர அடிக்குள் வந்த பிறகும் பற்று அவருடனேயே வந்துவிட்டது. ஆகவே மூன்று படுக்கையறையிலிருந்து ஒன்றுக்கு மாறினால் மனம் இரண்டு பங்கு தெளிந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியானால் வீட்டின் அளவுக்கும் அறத்துக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிற வீட்டிலேயே இருந்துகொண்டு மனதளவில் துறந்துவிட்டால் போதாதா? இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஜனகரைத் துணைக்கு அழைப்பார்கள். மிதிலை நகரமே பற்றி எரிந்தாலும் தன்னுடையது எதுவும் எரியவில்லை என்று சொன்ன அரசர் அவர்; அரண்மனையில் இருந்தபடியே ஞானி. வலுவான உதாரணம்தான். ஆனால் மகாபாரதம் ஜனகரை அத்தனை எளிதாக விட்டுவிடவில்லை. சாந்தி பர்வத்தில் சுலபா என்ற துறவிப் பெண் அவருடைய அவைக்கு வருகிறாள். அரியணையில் இருந்துகொண்டே விடுதலை பெற்றவன் என்று இவர் சொல்லிக்கொள்வது உண்மையா என்று சோதிக்கவே வருகிறாள். நீ யார், யாருக்கு உரியவள், எங்கிருந்து வருகிறாய் என்று ஜனகர் சினந்து கேட்கிறார். அந்தக் கேள்விகளையே அவள் திருப்பிப் பிடித்துக்கொள்கிறாள்: தன்னுடையது, பிறருடையது என்ற பேதம் அற்றவருக்கு இந்தக் கேள்விகள் எதற்கு? பிறகு அரசனின் உடைமையைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறாள். பூமி முழுவதையும் ஆள்பவன் வசிப்பது ஒரே நகரத்தில். அந்த நகரத்திலும் ஒரே மாளிகையில். மாளிகையிலும் இரவில் ஒரு கட்டிலில். அந்தக் கட்டிலிலும் பாதி அரசிக்கு. அவன் உண்மையில் அனுபவிப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அவனைக் கவலையோடு கட்டிப்போடும் சுமை. ஜனகரிடம் இதற்குப் பதில் இல்லை.

சுலபாவின் கணக்கு என் வாதத்துக்கு அடிப்படையானது. உன் மனதில் பற்று இருக்கிறதா என்பதோடு அவள் நிற்கவில்லை. நீ பயன்படுத்துவது எவ்வளவு, உன் பெயரில் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு என்று வெளியே நின்று அளக்கிறாள். மனதில் பற்றில்லை என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அதைச் சோதிக்க வழியில்லை. பூட்டிய அறையைச் சோதிக்க முடியும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 37 சதவீதம் ஒரே அறையில் குடியிருந்தன. சமைப்பதும் படிப்பதும் பிரசவித்த பெண் படுப்பதும் நோயாளி கிடப்பதும் அந்த ஒரே அறையில்தான். அதே ஊரில் இரண்டு பேருக்காக நான்கு அறைகள் சும்மா கிடக்கின்றன என்றால், அதை ஒருவருடைய அந்தரங்க ஆன்மிகப் பயிற்சி என்ற அளவில் நிறுத்திவிட முடியாது. ஓய்வு பெற்றவர் தன் வீட்டை விற்பதால் ஏழைக்கு வீடு கிடைத்துவிடாது என்பது உண்மைதான். வாங்குபவர் வசதியானவராகத்தான் இருப்பார். ஆனாலும் பிள்ளைகளோடு ஒரு குடும்பம் அந்த அறைகளில் குடியேறும். விற்க மனமில்லாதவர் மாடியை நியாயமான வாடகைக்கு விட்டாலும் இதே அறம் நிறைவேறும். வீட்டைவிட்டுப் போவது இங்கே கட்டாயமே இல்லை. தனக்குப் பயன்படாததைப் பயன்படுத்துகிறவர் கைக்கு மாற்றுவதுதான் காரியம்.

பழைய நூல்களை இந்தக் கண்ணோட்டத்தில் படித்தால் அவையும் பெரும்பாலும் இதையே பேசுவது தெரியும். தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளை பிறந்ததைக் கண்டதும் இல்லறத்தான் காட்டுக்குப் போகட்டும் என்கிறது மனுஸ்மிருதியின் ஆறாம் அத்தியாயம். மனுவின் சாதி விதிகளையும் பெண்களைக் குறித்த விதிகளையும் நான் முழுமையாக நிராகரிக்கிறேன். இருந்தாலும் இங்கே அவர் சொல்லும் மூன்று அடையாளங்களைக் கவனிக்கலாம். முதல் இரண்டும் உடலைப் பற்றியவை. மூன்றாவது அடுத்தவரைப் பற்றியது. வீட்டுக்கு உரிமை கொண்டாட இன்னொரு தலைமுறை எழுந்துவிட்டது, இடம் விடு என்பது அதன் பொருள். பிருகதாரண்யக உபநிடதத்தில் யாக்ஞவல்கியர் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது முதலில் தத்துவம் பேசவில்லை; மனைவியர் மைத்ரேயி, காத்யாயனி இருவருக்கும் சொத்தைப் பங்கிட்டுத் தருகிறேன் என்றுதான் தொடங்குகிறார். இந்தப் பொருளால் நான் சாகாமல் இருப்பேனா என்று மைத்ரேயி கேட்ட பிறகுதான் தத்துவம் பிறக்கிறது. கணக்கை முடித்து ஒப்படைப்பது முந்தியது, ஞானம் பிந்தியது. இந்த வரிசை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது.

ஒப்படைப்பது என்றால் கொட்டித் தீர்ப்பது என்று பொருளில்லை. எந்தத் தமிழ் வீட்டுப் பரணையும் இறக்கிப் பாருங்கள். எவர்சில்வர் தூக்கு, அடுக்கு, குடம், சம்படம் என்று ஒவ்வொன்றின் விளிம்பிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும்; கொடுத்தவரின் இனிஷியல், சில வேளை கல்யாணத் தேதி. பித்தளை அண்டாவின் உட்புறத்தில் ஈயம் தேய்ந்து போயிருக்கும். கொலு பொம்மைகள் பழைய வேட்டித் துணியில் சுற்றி மரப்பெட்டியில் இருக்கும். ஒவ்வொரு சுற்றையும் பிரித்தால்தான் உள்ளே இருப்பது செட்டியாரா தசாவதாரமா என்று தெரியும். புது வீட்டில் பரண் கிடையாது. அவசரத்தில் எல்லாவற்றையும் காயலான் கடையில் எடைக்குப் போட்டால், நாற்பது வருடமாகப் பலர் அன்போடு கொடுத்தது ஒரே நாளில் கிலோ கணக்காகிவிடும். அண்டாவை ஒரு கோயில் மடப்பள்ளிக்கோ கல்யாணச் சமையல்காரருக்கோ கொடுத்தால் அது மறுபடி அடுப்பேறும். பொம்மைகளை, கொலு வைக்க ஆசை இருந்தும் வாங்க முடியாத வீட்டுக்குத் தரலாம். பெயர் வெட்டிய பாத்திரத்தைக் கொடுத்தவரின் பேத்தியிடமே திருப்பித் தரலாம். இதற்கு மாதக்கணக்கில் உழைப்பு வேண்டும், உடம்பில் தெம்பும் வேண்டும். அதனால்தான் இதை எண்பது வயதுக்குத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். நாம் செய்யாமல் போனால் இதே வேலையை நம் பிள்ளைகள், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, விடுப்பு முடிவதற்குள், எது எதற்கு என்று தெரியாமல் செய்ய வேண்டிவரும்.

மறுப்புகளில் கனமானது விருந்தைப் பற்றியது. திருக்குறள் இல்லறத்தானுக்கு விதிக்கும் கடமைகளில் முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் எல்லாரும் உண்டு. தன்னைக் கடைசியில்தான் வைக்கிறது. ஒரு படுக்கையறை வீட்டில் திவசம் எப்படிச் செய்வது? கல்யாணத்துக்கு வரும் உறவினர் எங்கே படுப்பார்கள்? பண்டிகைக்கு மகளும் மகனும் ஒன்றாக வந்தால் என்ன செய்வது? வீட்டைச் சுருக்குவது அறத்தையே சுருக்குவது ஆகாதா? இதை லேசாகத் தள்ள முடியாது. வீட்டுக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருக்கிற குடும்பத்தில் அறைகள் வீணாகவில்லை. அவர்கள் மாற வேண்டிய அவசியமும் இல்லை. வருடத்தில் நான்கு நாள் வரும் விருந்தைச் சொல்லி மீதி நாளெல்லாம் அறையைப் பூட்டி வைப்பவரைத்தான் நான் குறிப்பிடுகிறேன். மனு காட்டுக்கு அனுப்பும் ஆள்கூட வேள்வித் தீயைக் கையோடு எடுத்துப் போகிறார். தேடிவரும் விருந்தினருக்குத் தன்னிடம் உள்ள நீரையும் கிழங்கையும் கனியையும் கொடுக்கிறார். விருந்து வீட்டோடு போய்விடவில்லை, ஆளோடு போனது. தமிழ் மரபு இன்னும் இதமானது. தொல்காப்பியக் கற்பியல், முதுமையில் தலைவனும் தலைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் கூடி அறத்தில் நின்று, சிறந்ததைப் பயில்வதையே கழிந்த வாழ்க்கையின் பயனாகச் சொல்கிறது. உறவை அறுத்துக்கொண்டு போகச் சொல்லவில்லை. எனவே சின்ன வீடு தேடுகிறவர் அது பழைய தெருவுக்கும் உறவுக்கும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் இருந்து, பேச ஆளில்லாத இடம் அதற்கு ஈடாகாது.

இன்னொரு மறுப்பு பயத்திலிருந்து வருகிறது. வீட்டைக் கைவிட்ட முதியவரைப் பிள்ளைகளும் கைவிட்டால்? இந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஒப்படைப்பதை அறம் என்று பேசுகிறவர்கள் முதியவரின் பாதுகாப்பை மறந்தால் அந்தப் பேச்சுக்கு மதிப்பில்லை. யாக்ஞவல்கியர்கூட மனைவியரின் வாழ்வாதாரத்தை முடிவு செய்யாமல் கிளம்பவில்லை. வீட்டை விற்ற பணம் கணவன் மனைவி இருவரின் பெயரிலும் இருக்கட்டும். மருத்துவத்துக்கும் பிற்காலத்துக்கும் எடுத்துவைத்த பிறகே மற்றவருக்குப் பங்கு. பிள்ளைக்கு வீட்டைத் தான செட்டில்மென்ட் எழுதிவைக்க நினைப்பவர், தன்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனையை மீறும் பிள்ளைக்கு எழுதிக்கொடுத்ததைத் தீர்ப்பாயம் மூலம் ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை எழுத்தில் இல்லாவிட்டால் வழக்கு இழுபடும். பிள்ளையின் முகம் கோணுமே என்று தயங்கி அந்த வரியை விட்டவர்கள் பலர். தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாத நிலைக்குத் தன்னைத் தள்ளிக்கொள்வது தியாகமாகாது. அந்தச் சுமை கடைசியில் யாராவது ஒருவர் தலையில்தான் விழும், பெரும்பாலும் ஒரு மகளின் தலையில்.

யாக்ஞவல்கியர் கதையில் இன்னும் ஒருவரைப் பற்றி நாம் பேசவே இல்லை. மைத்ரேயியின் கேள்வியை இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகப் போற்றுகிறோம். காத்யாயனியோ அந்த உரையாடலில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பெண்களுக்குரிய சாதாரண அறிவு மட்டுமே உடையவள் என்று உபநிடதம் அவளை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. கணவர் கிளம்புவதை அவள் ஏற்றாளா, பங்கு அவளுக்குப் போதுமானதாக இருந்ததா, அந்த வீட்டில் தொடர்ந்து இருக்க விரும்பினாளா என்று யாரும் கேட்கவில்லை. மனுவிலும் காட்டுக்குப் போகிறவர் மனைவியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம் அல்லது கூட்டிப் போகலாம், முடிவு அவருடையது. இன்றைக்கும் வீட்டை விற்பது பற்றிய பேச்சு பெரும்பாலும் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் இடையில்தான் நடக்கிறது. நகையை அடகு வைத்துக் கட்டிய வீடு, நகை அம்மாவுடையது. அந்த அடுப்படியில் எந்த டப்பா எங்கே என்று இருட்டிலும் எடுக்கத் தெரிந்தவர் அவர். பக்கத்து வீட்டுப் பெண்கள், கோயில், கீரைக்காரி, தையல்காரர் என்று அவருடைய உலகம் அந்தத் தெருவில் இருக்கிறது. அலுவலகத்தோடு ஆணின் உலகம் பெரும்பாலும் முடிந்துவிட்டது, அவருக்கு முடியவில்லை. மாறாக, மாடிப்படியும் பெருக்கித் துடைப்பதும் போதும் என்று வெகு காலமாக மாறத் துடிப்பவரும் அவராக இருக்கலாம். கேட்காமல் எதுவும் தெரியாது. அவருடைய சம்மதமில்லாமல் சுருங்கும் வீட்டை எந்த நூலின் பெயராலும் அறம் என்று சொல்ல முடியாது. ஆகவே புரோக்கருக்கு போன் செய்வதற்கு முன் உங்கள் மனைவியிடம் உட்கார்ந்து பேசுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் ஒரு முடிவாக ஏற்றுக்கொள்ளுங்கள்.